பழைய அரத்தில் ஒரு புரிவெட்டி

(சங்கத்தின் சனிக்கிழமைக் கைத்தொழில் வகுப்பில் இளையோருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறையில் நின்றவன். இரும்பைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் என்று தடைப் பட்டியல் நீண்டது. சைக்கிள்தான் கார், சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ். ஒரு சைக்கிள் படுத்தால் ஒரு குடும்பமே படுத்த மாதிரி. விறகும் நெல்லு மூட்டையும் வருத்தக்காரரும் ஏறிய சில்லின் அச்சு வளையும், புரி உருண்டு போகும். புது அச்சுக்கு எங்கே போவது?

பழைய ரலி சைக்கிளின் முன் அச்சு 5/16 அங்குலத் தடிப்பு. ஒரு அங்குலத்துக்கு 26 புரி. கடையில் வாங்கும் சாதாரண விற்வேர்த் ஆணியில் அதே தடிப்புக்கு 18 புரிதான். ஆகவே வேறு டை உதவாது. லேத்தில் வெட்டலாம் என்றால் கறண்ட் இல்லை. ஆனால் எங்களிடம் அந்த அளவு டப் ஒன்று இருந்தது. டப் துளைக்கு உள்ளே புரி வெட்டும். டை கம்பிக்கு வெளியே வெட்டும். டப் இருந்தால் டையைச் செய்து கொள்ளலாம். அதைத்தான் செய்தோம்.

உருக்குக்கு நாங்கள் எடுத்தது தேய்ந்துபோன பெரிய அரம். அரத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கரி கலந்திருக்கும். அந்தக் கரிதான் உருக்கைக் கடினமாக்குவது. சாதாரண கம்பியை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அப்படி வராது.

முதல் வேலை, அரத்தை மெதுமைப்படுத்துவது. சிரட்டைக் கரியில் செந்தணலாகக் காய்ச்சி, உமிச்சாம்பலுக்குள் புதைத்து, ஒரு இரவு முழுக்க ஆறவிட வேண்டும். சாம்பல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெல்ல ஆறினால் துளைபோடக்கூடிய அளவுக்கு மெதுவாகும். பிறகு அரத்தின் பல் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு பல்லடி மிஞ்சினாலும் பின்னால் அதிலிருந்துதான் வெடிப்பு ஓடும்.

நடுவில் 7 மில்லிமீற்றர் துளை. அதில் டப்பை நேராக ஓட்டினால் புரி வந்துவிடும். ஆனால் வெறும் புரித்துளை ஒரு நட்டுத்தான், அது வெட்டாது. வெட்டுவதற்குக் கூர் வேண்டும், சீவல் விழ இடமும் வேண்டும். அதற்குச் சுற்றிவர மூன்று சின்னத் துளைகள் போட்டு, எலிவால் அரத்தால் நடுத்துளையோடு திறந்துவிட வேண்டும். திறந்த ஓரம்தான் வெட்டும் பல். வாயிலுள்ள முதல் இரண்டு புரியையும் கொஞ்சம் சரிவாக விரித்தால் கம்பி இலகுவாக நுழையும். கடைசியாக டப்பை இன்னொருமுறை ஓட்டிப் பிசிறு எடுக்க வேண்டும். அரத்தின் இரண்டு பக்கமும் நீளமாக விட்டோம், அதுவே கைபிடி.

இனித்தான் உயிர்நாடி. பிள்ளையள், இதைக் கவனமாகக் கேளுங்கோ. நடுப்பகுதியை மட்டும் காய்ச்ச வேண்டும். வெய்யிலில் நிறம் தெரியாது. பொழுதுபட்ட நேரம்தான் நல்லது. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் எங்களுக்கு வெப்பமானி. ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ் வந்ததும் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் விட்டு, நிறம் இன்னும் கொஞ்சம் ஏறியதும் தோய்க்க வேண்டும். பேராசைப்பட்டுக் காய்ச்சினால் உருக்கின் மணி பருத்து, கற்கண்டு போல உடையும்.

ஒரு லீற்றர் தண்ணிக்கு 100 கிராம் உப்பு. வெறுந்தண்ணியில் ஆவி உருக்கைச் சுற்றிப் போர்வை போல நிற்கும். உப்பு அந்தப் போர்வையைக் கிழித்து, ஒரே மாதிரி ஆறச் செய்யும். ஓரப்பக்கமாக நேரே இறக்கி, மேலும் கீழும் அசைக்க வேண்டும்.

இப்போது அது கண்ணாடி மாதிரி. கடினம் உண்டு, பொறுமை இல்லை. கீழே விழுந்தால் உடையும். ஆகவே அன்றைக்கே ஒரு முகத்தை மினுக்கி, சூடான இரும்புத் தகட்டில் வைக்க வேண்டும். முதலில் இளமஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், ஊதா, நீலம் என்று ஏறும். வைக்கோல் நிறத்தில் எடுத்துவிட வேண்டும். நீலத்துக்கு விட்டால் கூர் நிற்காது. இங்கே வீட்டு அவனில் 230 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அதே வேலை.

கம்பியின் முனையைச் சரித்து, தேங்காய் எண்ணெய் பூசி, அரைச்சுற்று முன்னுக்கு, காற்சுற்று பின்னுக்கு. அப்படித்தான் அச்சுகள் பிறந்தன.

இங்கே இதே டையைக் கடையில் வாங்கலாம். பிறகு ஏன் இந்தக் கதை? இங்கு வந்தபின் எங்களில் பல பேர் துப்புரவு வேலையிலும் ஹோட்டல் சமையலறையிலும் நிற்கிறோம். கைத்தொழிலுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். பட்டறை எரிந்த இடத்தில் கடதாசிக்கு எங்கே போவது? பிள்ளைகளும் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து வளர்கிறார்கள். அது எங்களுக்குச் சம்பளம் குறைந்ததை விடப் பெரிய நோ.

உங்கள் வீட்டிலும் ஒரு தச்சர், ஒரு வெல்டிங்காரர், ஒரு தையற்காரி இருப்பார். இந்த வருசம் அவரிடம் ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பழகுங்கோ. இரும்பு வேலைக்கு வாறவை கண்ணாடி போட்டு, பெரியவர் ஒருவரோடு வாருங்கோ. அடுத்த சனிக்கிழமை அரம் கொண்டு வருகிறேன்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.