வேண்டாத தொலைபேசி அழைப்புகள்
(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நடவு நடக்கும் வயலில், முழங்கால் சேற்றில் நிற்கும் விவசாயியின் மடியில் கைபேசி மணி அடிக்கிறது. கையைக் கழுவி, வரப்பில் ஏறி எடுத்துக் கேட்டால், "தங்களுக்குக் கடன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது" என்கிறது ஒரு குரல். அவர் எந்தக் கடனும் கேட்கவில்லை. அரை மணி கழித்து மறுபடியும் மணி. இம்முறை வீட்டுமனை விற்பனை!

இதைச் சிறு உபத்திரவம் என்று நாமும் எண்ணியிருந்தோம். நம் வட்டாரத்து வார்டு உறுப்பினர் ஒருவர், இந்தத் தொல்லை பொறாமல், அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு எதையும் எடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார். பயிர்ச் சேதக் கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர் அவருடைய வரப்பிலேயே நின்று மூன்று முறை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. அலுவலர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அந்த நிலத்தைக் கணக்கில் சேர்க்கப் பிறகு நாம் எட்டு நாள் அலைய வேண்டியதாயிற்று. வேண்டாத அழைப்பு வேண்டிய அழைப்பையும் கெடுத்துவிடுகிறது.

இதற்குச் சட்டப்படியான காப்பு இருக்கிறது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு சந்தாதாரருக்கும் உண்டு. 1909 என்ற எண்ணுக்குப் பேசிப் பதிவு செய்யலாம். அல்லது ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று எழுதி, சிறிது இடம் விட்டு, 0 இட்டு அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். மானியச் செய்தியும் வங்கிச் செய்தியும் நின்றுவிடுமோ என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் அஞ்சினார். நிற்கமாட்டா. விளம்பரம் மட்டுமே தடைபடும்.

"பதிவு செய்தும் அழைப்பு வருகிறதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முறைப்படிப் பதிவு பெற்ற விளம்பரக்காரர் நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவர். சாதாரணப் பத்து இலக்க எண் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அழைப்பவரோ எந்தப் பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பதில்லை. அவரைப் பிடிக்கப் புகார் ஒன்றே வழி. நாமோ தேநீர்க் கடையில் அவரை வைதுவிட்டுப் போய்விடுகிறோம். அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2025 பிப்ரவரியில் செய்த திருத்தம் இந்த வழியை நமக்கு எளிதாக்கியிருக்கிறது. முன்பு மூன்று நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். இப்போது ஏழு நாள் அவகாசம். பதிவு பெறாத எண்ணைப் பற்றிப் புகார் செய்ய, நாம் முன்னதாக 1909-இல் பதிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார்கள் சேர்ந்தால்தான் அந்த எண்ணின்மீது நடவடிக்கை. இப்போது பத்து நாளில் ஐந்து புகார்கள் போதும். குற்றம் உறுதிப்பட்டால் முதல் தடவை பதினைந்து நாள் அவர் யாரையும் அழைக்க முடியாது. மீண்டும் செய்தால் ஓராண்டுக்கு அவருடைய இணைப்புகள் அனைத்தும் துண்டிக்கப்படும்.

ஐந்து பேர்! ஒரு தெருவில் ஐந்து பேர் கிடைக்கமாட்டார்களா? ஒரே எண்ணிலிருந்து ஒரே ஊரில் பலருக்கு அழைப்பு வருவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே நாம் சொல்லும் யோசனை இது: ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அழைப்பு வந்தவர் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் அதில் குறிக்கட்டும். ஒரே எண் இரண்டாம் முறை ஏறியதும் மற்றவர்களையும் விசாரித்து, அழைப்பு வந்த ஒவ்வொருவரும் தத்தம் கைபேசியிலிருந்தே 1909-க்குப் புகார் செய்யட்டும். எண்களை அறிவிப்புப் பலகையில் மட்டும் எழுத வேண்டாம். ஓர் இலக்கம் பிசகினால் பாவம், யாரோ ஒரு நிரபராதியின் எண் அங்கே நின்றுவிடும்.

எண்ணின் தொடக்கத்தையும் கவனியுங்கள். 140 என்று தொடங்குவது விளம்பரம். 1600 என்ற வரிசை வங்கி, அரசு முதலியவற்றின் சேவை அழைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. எந்த எண்ணாயினும் இரகசியக் குறியீட்டைக் கேட்டால் சொல்லலாகாது. பணமே பறிபோயிருந்தால் அது வேறு விஷயம். நோட்டுப் புத்தகத்தைத் தேடாமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. பொருட்காட்சியில் பரிசுக் கூப்பன் என்று நீட்டினால், பெயரும் கைபேசி எண்ணும் நிரப்பிப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். நாமே போட்டிருக்கிறோம். பரிசு வரவில்லை, அழைப்புகள்தாம் வந்தன.

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் அரை மணி நேரத்தை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம். கைபேசியைக் கையோடு கொண்டு வாருங்கள். பதியத் தெரியாதவர்களுக்கு ஒன்றிய அலுவலக உதவியாளர் உடனிருந்து செய்து கொடுப்பார். நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்தால், அடுத்தடுத்த ஊர்களின் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.