பெரிய மனோரா

நாகூர் ஆண்டவரை நாம் அறிவோம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் தர்காக்கள் எழுந்தன. நாகூரிலுள்ள ஐந்து மனோராக்களில் பெரியது 131 அடி உயரம். அதைக் கட்டித் தந்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். அவர் இந்து. பிள்ளைக்கு அங்கே மொட்டையடிப்பதாக நேர்ந்துகொள்ளும் இந்துத் தாய்மாரும் உண்டு.

ஆனால், மன்னர் தந்தது கொடை; மனம் மாறினால் நின்றுவிடும். 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டமோ வழிபாட்டை எல்லாருக்கும் உரிமையாக்கியது. பெரும்பான்மையின் எண்ணிக்கை தேர்தலில் செல்லும், இதில் செல்லாது.

அப்படியிருந்தும் 1992 டிசம்பர் 6-இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. சட்டத்தோடு அண்டை அயலாரும் காவல் நிற்க வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். நாகூர்க் கந்தூரிக்கு இந்துக்கள் இன்றும் போகிறார்கள்.