கண்டதைப் பேசுவோம்
(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

     

பள்ளியைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் இம்மேடையில் பலர் பேசினர். நான் கூத்தையும் நாடகத்தையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். தலைமையாசிரியருக்குக் கூத்தில் என்ன வேலை என்று எவரும் எண்ண வேண்டா. ஆடலைக் காண்பது இன்பம். கண்டதை ஆய்ந்து கருத்துரைப்பது கல்வி. அக்கல்வி நமக்கு இன்றியமையாதது.

ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூர், செங்கம் வட்டாரங்களிலும் செய்யாறு வட்டாரத்திலும் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் விடியும்வரை தெருக்கூத்து. துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம் எனக் கதை வளர்ந்து, மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளத்தில் முடியும். இக்கலையைப் பல தலைமுறைகளாகக் காத்துவரும் புரிசை ஊர் நம் மாவட்டத்தில்தான் உள்ளது. செருமானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையும் கூத்தாக்கி ஆடிய பெருமை புரிசைக் கலைஞர்களுக்கு உண்டு.

கூத்தில் எனக்கு மிகவும் உகந்தவன் கட்டியக்காரன். கிரீடமும் புஜக்கட்டையும் பூண்ட மன்னன் திரைக்குப் பின்னே வந்து நிற்கின்றான். நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கட்டியக்காரன் கேட்கின்றான். மன்னன் மறுமொழி கூறியே ஆகவேண்டும். மன்னன் அநீதி செய்தால் அதை எள்ளி நகையாடுபவனும் அவனே. அரசனைக் கேள்வி கேட்கும் எளியவன் ஒருவனைக் கூத்து தன் நடுவிலேயே வைத்திருக்கின்றது. ஆனால் விடிந்ததும் நாம் என்ன பேசுகின்றோம்? வேடம் பொருத்தம், குரல் கணீரென்று இருந்தது, மத்தளம் அருமை என்பதோடு நிறுத்திக்கொள்கின்றோம்.

கர்ண மோட்சத்தையே எடுத்துக்கொள்வோம். கர்ணன் கொடையில் சிறந்தவன், வில்லில் வல்லவன். ஆயினும் தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அவையில் இகழப்படுகின்றான். மனைவி பொன்னுருவியும் அவன் பிறப்பைச் சொல்லிப் பழிக்கின்றாள். இறுதியில் அவன் குந்தியின் மைந்தன், அரச குலத்தவன் என்பது வெளிப்பட்டதும் அனைவரும் கண்ணீர் வடிக்கின்றனர். இங்கே ஒரு வினா எழ வேண்டும். அவன் உண்மையிலேயே தேரோட்டியின் மகனாக இருந்திருந்தால் அந்த இகழ்ச்சி நியாயமாகிவிடுமா? எட்டாம் வகுப்பு மாணவனும் கேட்கத்தக்க இவ்வினாவை அவன் கேட்கும்படி நாம் செய்தோமா?

அடுத்து நந்தனார் கதை. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் கொடுமை செய்யும் வேதியர் என்னும் பண்ணையார் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனை நாடகத்தில் அப்பாத்திரத்தைப் படைத்து, பண்ணையடிமையின் துயரை மேடைக்குக் கொண்டுவந்தார். 1935இல் அக்கதை திரைப்படமானபோது கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1978இல் இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'நந்தன் கதை'யிலோ, நந்தன் தீயில் இறங்கியது மேல்சாதியினரின் சூழ்ச்சியால் எனக் காட்டப்படுகின்றது. மனிதர் ஒருவரே, ஆனால் ஒரு மேடையில் அவர் அடியார், மற்றொன்றில் அடிமை, பிறிதொன்றில் கொலையுண்டவர். யார் எழுதுகின்றார், யாருக்காக எழுதுகின்றார் என்பதைப் பொறுத்துக் கதை மாறுகின்றது. நம் முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதியதை நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னர் நம்மவரே எழுதத் தொடங்கினர். முனைவர் கே. ஏ. குணசேகரன் அவர்களின் 'பலி ஆடுகள்' தலித் நாடகத்திற்கு வழி திறந்தது. ஒடுக்கப்பட்டோருள்ளும் பெண் மேலும் ஒடுக்கப்படுவதை அந்நாடகம் மறைக்கவில்லை. நம்மவர் எழுதியதையும் நாம் ஆராய்ந்தே போற்ற வேண்டும்.

நாடகத்தைக் கண்டு ஆள்வோர் அஞ்சிய வரலாறும் உண்டு. வெள்ளையர் அரசு 1876இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின், 1954இல், எம். ஆர். இராதாவின் இராமாயண நாடகம் எதிர்ப்புக்கு உள்ளாகியிருந்த வேளையில், சென்னை மாநிலமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் தடை நீங்கினாலும் ஊரின் தடை எளிதில் நீங்குவதில்லை. 2023 ஜூன் மாதம் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்களின் வழிபாட்டுரிமை குறித்த பிணக்கால் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. அவையில் நின்று நீதி கேட்டவள் திரௌபதி. அவள் கோயில் வாயிலிலேயே நீதி கேட்டு நிற்கும் நிலை நம் மக்களுக்கு நேர்ந்தது! கூத்தில் அவள் குரலுக்குக் கண்ணீர் விட்டவர்கள், பொழுது விடிந்ததும் அக்குரலை மறக்கலாமா?

ஆகவே இச்சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். ஊரில் கூத்தோ நாடகமோ நடந்த மறுநாள் மாலை, நம் இரவுப் பாடசாலையில் ஒரு மணி நேரம் கூடுவோம். மூன்று கேள்விகள் போதும். மேடையில் யார் பேசினார், யார் பேசாமல் நின்றார்? யாரைக் கண்டு சிரித்தோம், ஏன் சிரித்தோம்? முடிவு நியாயமானதா? பெண் பிள்ளைகள் முதலில் பேசட்டும். பெரியோர் இறுதியில் பேசுவோம். கருத்து மாறுபடுமாயின் மிக நன்று. சொன்னதை ஒரு குறிப்பேட்டில் மாணவரே எழுதட்டும். கூத்துக் கலைஞரையும் அழைத்து அமர்த்தி, நிறைகளைச் சொல்லிப் பாராட்டி, குறைகளைப் பணிவோடு கூறுவோம். இரவெல்லாம் ஆடியவர்க்கு நாம் தரும் மெய்யான மரியாதை அதுவே. மலைவாழ் மலையாளிச் சகோதரர்களின் ஆடல் பாடல்களையும் இவ்வாறே கண்டு பேசுவோம்.

மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் காலத்திலேயே ஜல்சாக் குழுவினர் ஊர்தோறும் பாடி ஆடி அவர்தம் கொள்கைகளைப் பரப்பினர். மேடையின் ஆற்றலை அவர்கள் அறிந்திருந்தனர். எதிரே அமர்ந்திருப்போரின் ஆற்றலை நாம் அறிவோமாக. கூத்துக்களத்தின் ஓரத்தில் நின்று பார்த்த தலைமுறை நம் பாட்டன் பாட்டிமாருடையது. நடுவில் அமர்ந்து பார்த்து, எழுந்து நின்று கருத்துரைக்கும் தலைமுறை நம் பிள்ளைகளுடையதாகட்டும். இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், அத்தகைய குறிப்பேடுகள் பல இந்நூலகத்தை அணிசெய்யட்டும் என வாழ்த்தி அமைகின்றேன்.