மன்னாரில் வாடைக் காலம்

மார்கழி பிறந்துவிட்டது என்பதை மன்னார்த் தீவினருக்குப் பஞ்சாங்கம் சொல்ல வேண்டியதில்லை, வாடை சொல்லிவிடும். பாக்கு நீரிணையைக் கடந்து வடகிழக்கிலிருந்து வரும் அக்காற்று பனங்கூடலுக்குள் நுழைந்துவிட்டால், ஓலையோடு ஓலை உரசும் ஓசை இரவு முழுவதும் ஓய்வதில்லை. குளிர் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மலைநாட்டவர் கண்டால் நகைப்பர். ஆயினும் தீவின் முதியவர்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டுதான் முற்றத்துக்கு வருவார்கள். வந்ததும் முதலில் அண்ணாந்து பார்ப்பது வானத்தையன்று, பனையின் உச்சியையே. ஓலை எப்பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்பதைக் கொண்டே அன்றைய உலை கொதிக்குமா என்பதைக் கணித்துவிடுவார்கள்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமும் சில கிலோமீட்டர் அகலமுமே கொண்ட ஒரு நிலக்கீற்று. அதற்கு வடக்கே ஒரு கடல், தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் சீறும்; வடகடல் சாதுவாகக் கிடக்கும். வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். எதிர்க்கரையிலுள்ள இராமேசுவரத்தார் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் அழைப்பதுண்டு. மார்கழியில் பேசாலைக் கரையில் நின்று பார்ப்பவர் இப்பெயரீட்டை ஒப்புவாரோ என்பது ஐயமே.

வடகரை ஊர்களில் அப்போது வள்ளங்கள் கரையேறிவிடும். வசதி உடையோர் வலைகளைத் தென்கரைக்குக் கொண்டுசென்று, வாடி அமைத்துத் தொழிலைத் தொடர்வர். இயலாதவர் திண்ணையிலிருந்து வலை பொத்துவர். வலை பொத்துவதும் வேலைதான். ஆனால் அதற்குக் கூலி தருவார் இல்லை. அகப்பட்ட சிறுமீனைக் கருவாடாக்கலாமென்றால் வெயிலும் துணைநிற்பதில்லை. காலையில் விரித்த மீனை உச்சிக்குள் இரண்டு முறை அள்ளி உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். தூறல் பட்ட கருவாட்டுக்கு விலை ஏது?

இந்நாட்களில் வீட்டைத் தாங்குபவள் அடுப்படியிலுள்ள பெண்ணே. சென்ற கோடையில் காயவைத்துக் கட்டிவைத்த ஒடியல் அப்போதுதான் பானையிலிருந்து வெளிவரும். இடித்த மாவை நீரிலிட்டுக் கைப்பை இறக்கி, கிடைத்த மீனோ நண்டோ இறாலோ, அதனோடு பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் சேர்த்து அவள் கூழ் காய்ச்சுவாள். பனையோலைப் பிளாவில் சுடச்சுட ஊற்றிக் குடிக்கும்போது வெளியே வீசும் காற்றுக்கூடச் சிறிது இனிமையாகத் தோன்றும். நகரத்து உணவகங்களில் இன்று இக்கூழை விருந்துப் பொருளாக வைத்திருக்கிறார்கள். அதை முதலில் ஆக்கியவளுக்கு அது விருந்தன்று. இருப்பதை எல்லார்க்கும் போதுமாக்கும் வழி. ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் விதைகள் பாத்தியில் முளைத்துக் கிழங்காவதும் மார்கழி, தையிலேதான். ஒரு கிழங்கு பிடுங்கிப் பார்த்துப் போதிய பருமனில்லையென்று மீண்டும் மண்ணைத் தள்ளி மூடும் சிறுவர்களை அக்காலத்தில் காணலாம்.

தாம்போதியைக் கடந்து பெருநிலத்துக்குச் சென்றால் இதே வாடைக்கு வேறொரு முகம். மன்னார் மாவட்டம் பெறும் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்வதே. அநுராதபுரத்துப் பக்கம் பெய்த மழையும் அருவியாற்றில் இறங்கி, தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பும். முருங்கனிலும் நானாட்டானிலும் காலபோக நெல் பச்சைப் பசேலென்று நிற்கும். குளம் வான் பாய்கிறது என்ற செய்தி கேட்டால் கமக்காரன் முகம் மலரும். அதே நாளில் பேசாலையில் ஒருவன் வெறுங்கையோடு கடலைப் பார்த்து நிற்பான். ஒருவனுக்கு வரமாக வந்த காற்றே மற்றவனுக்கு முட்டுக்கட்டை. இருவருக்கும் பகையில்லை, மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் நெல் கரைக்கு வரும், கருவாடு வயலூருக்குப் போகும்.

தாம்போதியின் இருபுறத்துச் சேற்றுநிலத்தில் அம்மாதங்களில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். வடக்கே நெடுந்தொலைவிலிருந்து ஊசிவால் வாத்துகளும் வந்து சேரும். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் சாசனப்படி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ஏற்கப்பட்டது. திருக்கேதீச்சரத்தில் விடியுமுன் திருவெம்பாவை ஒலிக்கும். கத்தோலிக்க ஊர்களில் நத்தார்க் குடில்கள் எழும். வருவாய் குறைந்த மாதத்தில்தான் பண்டிகைச் செலவுகள் எல்லாம் வந்து சேர்கின்றன என்று இல்லத்தரசிகள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

அந்த நத்தார் நாட்களிலேயே ஓர் அச்சமும் குடியிருக்கிறது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வந்த புயல் இரு கரைகளையும் ஒருங்கே அறைந்தது. அக்கரையில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டி பயணிகளோடு அழிந்தது. தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமற் போயிற்று. இக்கரையிலும் உயிர்களும் வள்ளங்களும் வீடுகளும் போயின. 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பலுக்கு அக்கரையில் துறை இல்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில், போர்ச்சூழலில் நின்றது. 1990இல் இரயில்பாதையும் அற்றுப்போய், 2015இல்தான் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறைவரை வண்டி வந்தது. இன்று அது கடலோரம் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, வந்த வழியே கொழும்புக்குத் திரும்புகிறது.

2020 டிசம்பர்த் தொடக்கத்தில் புரெவிப் புயல் மன்னாரைக் கடந்தபோது எச்சரிக்கை முன்னரே கிடைத்தது. முன்னறிவிப்புக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனாலும் மார்கழி இரவில் காற்று திடீரென்று ஓய்ந்துவிட்டால் பழைய ஆட்கள் விழித்துக்கொள்கிறார்கள். ஓசை இருக்கும்வரை உறங்குகிறவர்கள், அது நின்றதும் எழுந்துவந்து வள்ளத்தின் கட்டை இழுத்துப் பார்க்கிறார்கள். சற்று நேரத்தில் பனையோலை மறுபடியும் உரசத் தொடங்கும். அதன்பின் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள்.