ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனவர்கள்: லுப்ளின், 1569

ரெண்டு நாடுகள் ஒன்றாகச் சேர்ந்தது என்றால் மேஜை, கையெழுத்து, கைகுலுக்கல் என்றுதான் மனசில் ஒரு படம் வரும். போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்த கதையில் கையெழுத்து கடைசியில்தான் வருது. அதற்கு முன்னாடி, ஒரு தரப்பு ஊரை விட்டே கிளம்பிப் போயிடுச்சு.

முதல்ல ஒரு விஷயம். அன்றைய லிதுவேனியா, இன்று வரைபடத்தில் பார்க்கிற சின்ன நாடு இல்லை. இன்றைய பெலாரஸ் முழுக்க, உக்ரைனில் பெரும்பகுதி எல்லாம் அதற்குள்தான். அங்கே நிறைய பேர் பேசியது ருத்தேனிய மொழி. பெலாரஷ்யனுக்கும் உக்ரேனியனுக்கும் முன்னோடி. அரசு ஆவணங்களே அதில்தான் எழுதினாங்க.

1386ல் லிதுவேனியாவின் யகைலா போலந்து அரசி யாத்விகாவைக் கல்யாணம் செய்ததிலிருந்து, பெரும்பாலும் ஒரே குடும்பம்தான் ரெண்டு பக்கமும் ஆண்டது. ஆனா நாடுகள் தனித்தனி. 1560களில் அரியணையில் இருந்த சிகிஸ்மண்ட் அகஸ்டஸுக்கு மூன்று கல்யாணம் ஆகியும் குழந்தை இல்லை. அவர் போய்விட்டால் அந்த முடிச்சும் அவிழ்ந்துவிடும். கிழக்கே மாஸ்கோவின் இவான் வேறு. 1563ல் போலோட்ஸ்க் நகரத்தையே பிடிச்சுட்டார். லிதுவேனியாவால் தனியாகத் தாக்குப்பிடிக்க முடியலை.

போலந்துக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டுதான் பேரம் பேசினார்கள். 1569 ஜனவரியில் லுப்ளினில் கூட்டம் கூடியது. லிதுவேனியப் பெரும் பிரபுக்களுக்கு ராணுவ உதவி வேண்டும், ஆனா தங்கள் அரசு போலந்துக்குள் கரைந்துவிடக் கூடாது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் மிக்கோவாய் ராஜிவில். ராஜாவோட மச்சான்! மறைந்த இரண்டாவது மனைவி பார்பராவின் அண்ணன். மார்ச் தொடக்கத்தில் ஓர் இரவு லிதுவேனியத் தலைவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் லுப்ளினை விட்டுப் போனார்கள். அவங்க இல்லைன்னா கூட்டம் கலைஞ்சுடும்னு நினைச்சாங்க.

கலையவில்லை. போட்லாசி, வோலின், பிராட்ஸ்லாவ், கீவ் என்று லிதுவேனியாவின் தெற்கு, மேற்குப் பகுதிகளை அரசர் ஒவ்வொன்றாகப் போலந்தோடு சேர்த்தார். விசுவாசப் பிரமாணம் எடுக்காதவர்களின் பதவியும் நிலமும் போகும் என்ற மிரட்டலும் இருந்தது. ஆனா இது வெறும் மிரட்டல் கதை மட்டும் இல்லை. அந்தப் பகுதிகளின் சிறு பிரபுக்கள் பலருக்குப் போலந்துப் பிரபுக்களுக்கு இருந்த உரிமைகள் மேல் ஆசை இருந்தது. அங்கே நீதிமன்றத்தில் ருத்தேனிய மொழியே தொடரும் என்ற உறுதியும் கிடைத்தது. இந்தப் பிரிவினைக் கோடு ஏறக்குறைய இன்றைய பெலாரஸ்–உக்ரைன் எல்லையாக நிற்கிறது. விவசாயிகளிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடணும்.

பாதி நாடு கையைவிட்டுப் போனதும் லிதுவேனியர்கள் திரும்பி வந்தார்கள். ஜூலை 1ல் ஒப்பந்தம். ஒரே அரசர், ஒரே நாடாளுமன்றம். படை, கஜானா, சட்டம், அதிகாரிகள் மட்டும் தனித்தனி. அந்த 'தனித்தனி'யை லிதுவேனியர்கள் விடவே இல்லை.

1588ல் அவர்கள் கொண்டுவந்த மூன்றாவது சட்டத் தொகுப்பைப் பாருங்க. புது அரசர் மூன்றாம் சிகிஸ்மண்ட் அவர்களுடைய ஆதரவுக்காக அதற்கு ஒப்புதல் கொடுத்தார். லிதுவேனியாவில் வெளியார் பதவி வகிக்கக் கூடாது என்று அதில் இருந்தது. வெளியாரில் போலந்துக்காரர்களும் அடக்கம்! எழுதப்பட்டது ருத்தேனிய மொழியில்.

1795ல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து அந்தக் கூட்டரசையே பங்கு போட்டுக்கொண்டன. அந்தச் சட்டத் தொகுப்பு மட்டும் ரஷ்யப் பேரரசுக்குள் போன லிதுவேனியப் பகுதிகளில் 1840 வரை நடைமுறையில் இருந்தது.