எண்ணெய் வடிந்த பின்னரே



டகோட்டா விமானத்தை நீங்கள் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். 1935-ஆம் ஆண்டில் முதன்முதல் பறந்த டி.சி.-3 விமானத்தின் வழிவந்தது அது. 1947 அக்டோபர் 27 அன்று நம் படைவீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்களே. நெடுநேரம் நின்ற டகோட்டாவை இயக்குமுன், பணியாளர்கள் அதன் சுழல்விசிறியைக் கையால் மெல்லச் சுற்றுவது வழக்கம். எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் இருக்க, கைக்கு அங்கே என்ன வேலை? அதையே இன்று கூற விரும்புகிறேன்.

சாதாரண மோட்டார் காரில் எண்ணெய் எஞ்சினின் அடித்தொட்டியிலேயே தேங்கி நிற்கும். டகோட்டாவின் எஞ்சினிலோ 14 சிலிண்டர்கள் இரு வரிசைகளில் வட்டமாக அமைந்துள்ளன. அவற்றுட் சில தலைகீழாகத் தொங்குகின்றன, அடித்தொட்டிக்கு இடமேது? ஆகவே எண்ணெய்க்குத் தனித்தொட்டி உண்டு. ஒரு பம்பு எண்ணெயை எஞ்சினுக்குள் செலுத்தும். மற்றொன்று, வடிந்த எண்ணெயை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும். இதனை உலர்தொட்டி முறை எனலாம். திரும்பும் எண்ணெய் காற்றுடன் கலந்து நுரைத்திருப்பதால், உறிஞ்சும் பம்பின் கொள்திறன் செலுத்தும் பம்பினதைவிட மிகுந்திருத்தல் வேண்டும்.

எஞ்சின் நின்றதும் பம்புகள் நின்றுவிடும், புவியீர்ப்பு நிற்பதில்லை. உள்ளே தங்கிய எண்ணெய் சிறுகச் சிறுக இறங்கி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, கீழ்ச் சிலிண்டர்களின் தலைப்பகுதியில் தேங்கும். அழுத்தினால் காற்றுச் சுருங்கும். எண்ணெய் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். அந்நிலையில் எஞ்சினை விசையுடன் இயக்கினால், பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அவ்வளைவு அப்போதே வெளிப்படாமல், பின்னொரு நாள் விமானம் வானில் பறக்கையில் தண்டு முறிதலும் கூடும். அதுவே பெரிய ஆபத்து.

எனவே, தீப்பொறிக்கான சுவிட்சு அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்கின்றனர். தடை தென்பட்டால் முரட்டு வலிமை காட்டலாகாது. பின்னோக்கிச் சுற்றுவதும் தவறு. எண்ணெய் உட்செல்லும் குழாய்க்குள் ஒளிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மீண்டும் சிலிண்டருக்கே வந்து சேரும். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை முற்றும் வடியவிடுவதே முறை.

'திரவங்கள் எளிதில் சுருங்கா' என்று நான் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். அந்த ஒரு வரியைக் கைவிரலால் உணர்ந்து, 'இன்னும் சுற்றாதே' என்று நிறுத்தும் பணியாளனிடம்தான் விமானத்தில் ஏறுவோரின் உயிர் இருக்கிறது. பாடத்தை அவ்வாறு கற்பீர்களாக.