எழுதப் போன இரண்டு நாள்



எங்கள் எழுத்துக் குழு பழவேற்காட்டில் இரண்டு நாள் தங்கி எழுதியது. பாதிப்பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறவர்கள்.

காலையில் ஏரிக்கரையில் ஆளுக்கொரு நோட்டு. மதியச் சமையல் ஆண்கள் பொறுப்பு. இறால் குழம்பு கொதிக்கும்வரை பெண்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். "நீங்க எந்தத் தெரு?" என்று யாரும் கேட்கவில்லை. இரவு வாசிப்பில் என் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் வாசித்து நிறுத்தினேன். "அப்புறம்?" என்றார்கள். எழுதுகிறவருக்கு அதைவிட என்ன சுகம் வேண்டும்?

இந்த ஓய்வு போராடிப் பெற்றது. தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் 1946-இல் கொண்டுவந்த திருத்தம், ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்த பிறகே திரும்பப் பெறப்பட்டது. 12 மணி நேரம் மெஷின்முன் நின்றவர் எப்போது எழுதுவார்? நம் தெருவின் கதையை நாமே எழுத, நமக்கு நேரம் வேண்டும். வேலை நேரத்துக்கான போராட்டம் எழுத்தாளர்களின் போராட்டமும்தான்.

அடுத்த முறை நீங்களும் நோட்டோடு வாருங்கள். சமையலுக்கு முறை போட்டுக்கொள்வோம். ஜெய்பீம்!